அடுத்தவர் வாயில் என் கட்டி

தேத்தண்ணீரை ஆறவிட்டுக் குடிக்கும் பொறுமை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அன்றும் வேலைக்குப் போகிற அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க விழுங்கி அண்ணம் வெந்துபோனது. லண்டன் மனோர் பார்க்கில் பஸ் ஏறி, மேல்தட்டில் இருந்து, வெந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே போனேன். நடு அண்ணத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். கல்லுப் போல இருந்தது. நோகவில்லை.

நோகாத கட்டிதான் கூடாதது என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அது என் வேலையால் வந்த வினை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கவுன்சில் மூலமாக ஒரு டொக்டர் நோயாளரைப் பார்க்கிற இடத்தில், சேர்ஜரி என்பார்கள், வாரத்தில் இரண்டு நாள் இன்டர்பிரிட்டராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஆங்கிலம் பிடிபடாமல் இருந்த சனத்தின் மலச்சிக்கல், மாதவிலக்கு, மூட்டுநோ எல்லாம் என் வாய் வழியாகத்தான் டொக்டரிடம் போகும். அவர் சொல்வதும் என் வாய் வழியாகத்தான் திரும்பி வரும். கோயிலில் என்னைக் கண்டால் சிலர் மற்றப் பக்கத்தால் சுற்றிக் கும்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பயம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சோறு வைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். நாக்கு மட்டும் ஓயாமல் மேலே போய் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் ஒருநாள் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன, எந்நேரமும் வாய்க்குள்ளை எதையோ உருட்டுறீர்?”

“பல்லுக்குள்ளை இறைச்சி சிக்கிப்போச்சு.”

அவர் ஒரு பல்லுக்குத்தியை எடுத்துத் தந்துவிட்டுப் படுக்கப் போனார்.

லைப்ரரியில் ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தை எடுத்து, வாய் பற்றிய பக்கத்தை விரித்து, படத்தைக் கண்டதும் மூடிவைத்தேன். மருந்துக்கடைக்குப் போய், என் சிநேகிதி ஒருத்திக்கு அண்ணத்தில் கட்டி என்றேன். கடைக்கார குஜராத்தி மனிதர் நல்லவர். சிநேகிதியை டொக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்று ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

டொக்டரைத்தான் வாரம் இரண்டு நாள் பார்க்கிறேனே, ஒரு சொல் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அதற்குக் குறுக்கே ஒரு மனிதர் நின்றார்.

அவர் இறந்து அப்போது பல மாதங்கள் ஆகிவிட்டன. முந்தின வருடம் அவருக்கு வாயில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேர்ஜரிக்குக் கடிதம் வந்திருந்தது. மனைவியோடு வந்திருந்தார். உள்ளே போகுமுன் அவருடைய தம்பி என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் விசாரித்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்.

“அண்ணைக்கும் அண்ணிக்கும் ஒண்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் ரெண்டுபேரும் உடைஞ்சு போவினம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

உள்ளே டொக்டர் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இனிச் சுகப்படுத்த ஏலாது, சில மாதங்கள்தான், செய்ய வேண்டிய காரியம் ஏதும் இருந்தால் இப்போதே செய்துவிடச் சொல்லுங்கள் என்றார். நான் அந்த மனிதரின் பக்கம் திரும்பினேன்.

“ஒண்டுமில்லையாம். சின்னக் கட்டிதானாம். பயப்பிடத் தேவையில்லையாம், குளிசை தருவினமாம்.”

அவர் எழும்பி, டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தார். எவ்வளவு தைரியமான மனிதர் என்று டொக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாகவே வந்தது.

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. கொழும்பில் நின்ற மகளை லண்டனுக்குக் கூப்பிடுவதற்கான பேப்பர்களை, சுகம் வந்த பிறகு நிரப்பலாம் என்று கடைசி வரை மேசையிலேயே வைத்திருந்தாராம். கோயிலில் யாரோ சொல்லக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றேன்.

அதனால்தான் எனக்குப் போக்கிடம் இல்லை. புற்றுநோய் என்று டொக்டர் சொன்னால் நம்பிவிடுவேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் எப்படி நம்புவது? ஒன்றுமில்லை என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

கட்டியைக் கண்டு மூன்று கிழமையானபோது அந்த மனிதரின் மனைவி சேர்ஜரிக்கு வந்தார். பாண் சுடுகிற ஃபாக்டரியில் தட்டுத் தூக்கித் தூக்கி வலது தோள்மூட்டு பிடித்துப்போயிருந்தது. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். காத்திருக்கிற அறையில் எனக்குப் பக்கத்திலேயே இருந்தார். என் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே போனதும் தோள்மூட்டைப் பற்றிச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடித்த வாய் நிற்கவில்லை. இவருக்கு அண்ணத்தில் ஒரு கட்டியும் இருக்கிறது, மூன்று கிழமையாக, நோவில்லை என்று தன்பாட்டில் சேர்த்துச் சொல்லிவிட்டது. அளவைக்கூடச் சொன்னேன். அவருக்கென்று கேட்டால் டொக்டர் ஏதாவது பொதுவாகச் சொல்லுவார், கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேனாக்கும். மூளையுள்ள யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

டொக்டரின் முகம் மாறியது. அக்காவின் கணவருடைய கதை அவருக்கு ஞாபகம் இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு டோர்ச்சை எடுத்தார்.

“வாயைத் திறக்கட்டாம், அக்கா.”

“தோள்மூட்டு நோவுக்கு என்னத்துக்கு வாய்?”

“எல்லாத்தையும் ஒருக்கால் பாக்கினமாம்.”

அவர் மேல்வரிசைக் கட்டுப்பல்லைக் கழற்றிக் கைலேஞ்சியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். டொக்டர் பார்த்தார், விரலால் தடவினார், மறுபடியும் பார்த்தார். எந்த இடம் என்று காட்டச் சொல்லுங்கள் என்றார்.

“எங்கை எண்டு காட்டட்டாம்.”

அவர் தோள்மூட்டைக் காட்டினார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். என் நாக்கு அந்த நேரத்திலும் மேலே போய் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அக்கா கட்டுப்பல்லைத் திரும்ப மாட்டினார், அவசரப்படவில்லை.

“அவரும் இப்பிடித்தான், பிள்ளை. மாசக்கணக்கா நாக்கை உருட்டிக்கொண்டு திரிஞ்சவர். எழும்பும். இதிலை வந்து இரும்.”

என் தோளைப் பிடித்துத் தான் இருந்த கதிரையில் இருத்திவிட்டு டொக்டரிடம், “ஷீ. மௌத்,” என்றார். அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

நான் வாயைத் திறந்தேன். புதுக் கையுறையின் ரப்பர் மணம் அடித்தது. டொக்டர் கட்டியை அழுத்தினார், இரண்டு பக்கமும் தடவினார். அதிக நேரம் எடுக்கவில்லை. இது எலும்பு என்றார். கனபேருக்கு இப்படி இருக்கும், இளவயதிலிருந்தே மெல்ல மெல்ல வளர்ந்திருக்கும், இதுவரை கவனித்திருக்க மாட்டீர்கள், ஒன்றும் செய்யத் தேவையில்லை. கட்டி உங்களுக்குத்தான் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நிம்மதியும் வரவில்லை. யாருக்கோ சொல்கிற விஷயம் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னவாம்?” என்று அக்கா கேட்டார்.

“ஒண்டுமில்லையாம், அக்கா. எலும்புதானாம். பயப்பிடத் தேவையில்லையாம்.”

சொல்லி முடிக்கும்போதே என் காதில் விழுந்துவிட்டது. அதே அறை, அதே கதிரை, அதே சொற்கள். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கோபம் தெரியவில்லை. களைத்துப்போன முகம்.

“இதைத்தானே அவருக்கும் சொன்னனீர்.”

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் எனக்கு வாயில் எலும்பென்று டொக்டர் சொன்னது உண்மை என்றால், அன்று அந்த மனிதருக்கு அவர் சொன்னதும் உண்மைதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்க என்னால் முடியவில்லை. அக்கா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, அவருடைய கணவருக்கு நான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவருடைய தம்பி என்னைக் கும்பிட்டுக் கேட்டதைச் சொல்லவில்லை. சொன்னது என் வாய்தானே. டொக்டர் கையுறையை மேசையில் வைத்தார். மூன்று கிழமையில் அப்போதுதான் பயந்தேன்.

நான் சொன்னது அக்காவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. டொக்டரின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டுத் தன் கதிரையில் இருந்தார்.

“இனி என்ரை தோள்மூட்டுக்கு அவர் என்ன சொல்லுறார் எண்டு கேட்டு, அப்பிடியே சொல்லும்.”