பரவால்லீங்க என்றால் சுழியம்

பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். குணமாகாத ஒரு பெண்ணைக் குணமாகிவிட்டார் என்று அரசாங்கப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மனநல ஆலோசகர். மனம் உடைந்தவர்களுக்குப் பேச்சினாலேயே சிகிச்சை தரும் இலவசத் திட்டம். ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். தனி அறை கிடையாது. தடுப்பூசி வைக்கும் அறையில் எனக்கு ஒரு மூலை... யாராவது அழ ஆரம்பிக்கும்போதுதான் நர்ஸ் ஐஸ் எடுக்க வருவார்.

ஒவ்வொரு முறையும் ஒன்பது கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் கவனம் எப்படி... தொல்லையே இல்லை என்றால் சுழியம். தினமும் தொல்லை என்றால் மூன்று. ஆறாவது அமர்வில் கூட்டுத்தொகை குறைந்திருந்தால் 'நலமடைந்தார்' என்று கோப்பை மூடலாம். குறையாவிட்டால்? நாமக்கல்லில் மாவட்ட அலுவலகத்தின் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். குறை திட்டத்தில் இருக்குமோ என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

சரசுவதி அக்கா விசைத்தறிக்குப் போகிறவர். ரிக் லாரி ஓட்டிய கணவர், வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டார். அதிலிருந்து தறியில் நூல் அறுவது அக்காவின் கண்ணில் படவில்லை. துணி பழுதானது. பட்டறைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனசு தேறி வந்தால் வேலை தருகிறேன் என்று அனுப்பிவிட்டார். அந்த வேலையைத் திரும்பப் பிடிக்கத்தான் அக்கா என்னிடம் வந்தார்.

ஆறாவது அமர்வு. வெளியே சர்க்கரை மாத்திரைக்கு நீண்ட வரிசை.

"தூக்கம் எப்படி இருக்குங்கக்கா?"

"பரவால்லீங்க அம்மிணி."

"பசி?"

"பரவால்லீங்க."

"வேலையில கவனம்?"

வரிசையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "பரவால்லீங்க. நீங்க அடுத்த ஆளப் பாருங்க."

ஒவ்வொரு பரவால்லீங்கவுக்கும் ஒரு சுழியம் போட்டேன். நலமடைந்தார் என்று எழுதி, அதை அக்காவிடமும் சொல்லி அனுப்பினேன்.

எனக்குத் தெரியாதா! இந்த ஊரில் பஸ்ஸில் காலை மிதித்தாலும் பரவால்லீங்க, குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் பரவால்லீங்க. எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் அக்கா அப்படிச் சொன்னார். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை... இருந்தால் மட்டும் குறித்திருப்பேனா?

நாமக்கல் கூட்டத்தில் எங்கள் நிலையத்தைப் பாராட்டினார்கள். கைதட்டலை வாங்கிக்கொண்டு, வெளியே வந்து டீ குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க அக்கா வந்தார். இளைத்திருந்தார். நானாகப் போய், "தறிக்குப் போறீங்களாக்கா?" என்றேன்.

"போனேனுங்க. மறுக்கா துணி பழுதாயிருச்சு. நிறுத்திப்போட்டாங்க." கிளம்பப் போனவர் திரும்பினார். "தூக்கம் இன்னும் வரலீங்க அம்மிணி. ஆனா நல்லாயிருச்சுன்னு எழுதிட்டீங்க. படிச்சவங்க, பொய்யாவா எழுதுவீங்க? அப்ப இது சீக்கு இல்லீங்க. என்னோட சோம்பேறித்தனந்தானுங்க."

நான் எழுதியதுதான் பொய், அக்கா... இந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை!

"மறுபடி வாங்கக்கா, முதல்ல இருந்து பேசலாம்" என்றேன். சொல்லும்போதே மனம் கணக்குப் போட்டது. மூடிய கோப்பைத் திறக்க டாக்டர் சீட்டு வேண்டும், நாமக்கல் அனுமதி வேண்டும், நான் விளக்கக் கடிதம் தர வேண்டும். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"பரவால்லீங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று மாத்திரைப் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

திட்டத்தைத் திட்ட எனக்கு வாய் நிறைய இருக்கிறது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எந்தத் துக்கம் தீரும்? எரிச்சலாக வருகிறது. ஆனால் பேனா என் கையில்தானே இருந்தது...

அக்கா அதன்பின் வரவில்லை. அவர் வீடு எனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸில் நாலாவது நிறுத்தம். தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. கோப்பில் தூக்கத்துக்கு நேராக என் சுழியம் அப்படியே இருக்கிறது. அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர், தன்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டு படுத்திருக்கிறார்... தூங்காமல்.