எதிர்வீட்டுப் பால்

சித்திரைத் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கப்போகிறோம் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து என் வீட்டு வாசலில் நின்றார்கள். வாழ்வதற்குச் சுகமானது பட்டணமா, கிராமமா என்பது தலைப்பு. கிராமத்துக்குப் பேச ஆள் வரிசையில் நிற்கிறதாம். பட்டணத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லையாம்.

"நீங்கதான் அத்தை இருவது வருசத்துக்கு மேல மெட்ராசுல இருந்தீக. நீங்க பேசுனாத்தான் எடுபடும்" என்றான் அவர்களில் இளையவன்.

எனக்குப் பேச வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பச்சைப் பொய். எனக்கு வாய் நீளம் என்பது ஓடைப்பட்டி முழுக்கத் தெரியும். தலைக்கனம் பிடித்தவள் என்று முனகிக்கொண்டு போயிருப்பார்கள், போகட்டும். பட்டணத்தைப் பற்றி நான் எங்கே ஆரம்பித்தாலும் ஒரு பால் பாக்கெட்டில்தான் வந்து முடியும். அதைக் கேட்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். ஐந்து வருடமாக அவளிடமே சொல்ல முடியாததை மைக் பிடித்து ஊருக்கா சொல்லப்போகிறேன்?

இந்த ஊரை விட்டு நான் போனதே கேள்விகளுக்குப் பயந்துதான். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று ஒரே நச்சரிப்பு. குழாயடியில் கேட்டார்கள், சின்னமனூர் பஸ்ஸில் கேட்டார்கள், திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கொத்து நறுக்கிக்கொண்டே கேட்டார்கள். ஏழு வருடம் கழித்து அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனார். இப்போது கேள்வி மாறியது, ஆனால் கேட்பது நிற்கவில்லை. எங்கே போனார், ஏன் போனார், நீ என்ன சொன்னாய். ஒருநாள் நான் ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரர்கிட்டப் போய்க் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அது பெரிய சண்டையானது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு ஆபீசில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினேன்.

பொய் சொல்ல மாட்டேன், சென்னையில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கினேன். மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வரை சும்மாவே போய்விட்டுச் சும்மாவே திரும்பி வந்தேன். எதற்குப் போனாய் என்று கேட்க ஒரு ஆளில்லை. அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் அதற்காக நான் ஏங்குகிறேன்.

கடைசிப் பதினோரு வருடம் நான் இருந்தது மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட். எதிர் ஃப்ளாட்டில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகள் கனடாவில். டீச்சருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது, யாரும் எழுதி வைக்காத சட்டம். அவர் என் புருஷனைப் பற்றிக் கேட்க மாட்டார். அவர் ஊருக்குப் போனால் எங்கே போனீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். தாம்பரத்தில் அவருடைய அக்கா மகன் வீடு இருந்தது, அங்கே சொல்லாமல் கொள்ளாமல் போவார், இரண்டு நாள் கழித்து வருவார். கறிவேப்பிலை கொடுப்பார், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த திராட்சையைக் கொடுப்பேன். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரிகளோடு ஒப்பிட்டு, மனுஷி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய கதவில் ஒரு துணிப்பை தொங்கும். விடிகாலையில் பால்காரர் அதில் அரை லிட்டர் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார்.

அது மே மாதம், புதன்கிழமை. எட்டரை மணிக்கு நான் ஆபீசுக்குக் கதவைப் பூட்டும்போது பையில் பால் அப்படியே இருந்தது. டீச்சர் தாம்பரம் போயிருக்கிறார், பால்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வெயிலுக்குப் பத்து மணிக்கே திரிந்துவிடும். எடுத்துவந்து என் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் தெருவில் வளர்ந்த யாரும் யோசிக்க மாட்டார்கள். மழை தூறினால் எதிர்வீட்டு மிளகாய் வத்தலை அள்ளி நம் வீட்டில் வைப்போம். கொடியில் கிடக்கும் துணி யாருடையது என்று பார்க்காமல் உருவிக்கொண்டு ஓடுவோம். கைக்குப் பழகிய வேலை. ஆனால் அள்ளியதோடு நிற்பதில்லை. கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஏலே, யாரு இருக்கது உள்ள, வத்தல் எங்க வீட்ல இருக்கு" என்று சத்தம் கொடுப்போம். பதில் வராவிட்டால் கொல்லைப் பக்கம் போய்ப் பார்ப்போம். அந்த இரண்டாவது பாதியை நான் சென்னையில் விட்டுத் தொலைத்திருந்தேன். கதவைத் தட்டினால் டீச்சரைத் துருவுவதாகிவிடும் என்று எனக்கு அத்தனை நாகரிகம். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமையும் பால் தொங்கியது. அதையும் எடுத்து உள்ளே வைத்தேன். அன்றைக்கு அந்தக் கதவருகில் நின்றபோது உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பழைய ஃபேன், சுற்றுக்கு ஒருமுறை கடக் என்று சொல்லும். நிறுத்த மறந்துவிட்டுப் போயிருக்கிறார் பாவம், கரண்ட் வீணாகிறதே என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பாக்கெட்டைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் இரண்டு நாளுக்கு மேல் எங்கேயும் தங்க மாட்டார். மணியடித்தேன், தட்டினேன், கீழே ஓடி வாட்ச்மேனைக் கூட்டி வந்தேன். கதவை உடைத்தார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் டீச்சர் கிடந்தார். வாசலைப் பார்த்தபடி கிடந்தார். உயிர் இல்லை.

தெருமுனையிலிருந்து வந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிருக்கிறது, விழுந்து ஒன்றரை நாளாவது உயிரோடு இருந்திருப்பார், முதல் நாளே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"பத்து மணிக்குக் குப்பை எடுக்க வரும்போது பால் தொங்கினா பெல் அடிச்சுப் பாக்கணும்னு டீச்சரே சொல்லி வச்சிருந்தாங்கம்மா. ரெண்டு நாளும் பையில பால் இல்லியே. எடுத்துக்கிட்டாங்க, நல்லா இருக்காங்கன்னு போயிட்டேனே" என்றார்.

தனியாக இருந்த மனுஷி தன் உயிருக்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பதினோரு வருடம் எதிரே குடியிருந்த எனக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் எதையும் கேட்கிறவள் இல்லை. உள்ளே போய் இரண்டு பாக்கெட்டையும் வெட்டி ஸிங்க்கில் ஊற்றினேன். கவரைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பைக்கு அடியில் போட்டேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஆனாலும் திருடியைப் போல அதைச் செய்தேன்.

தாம்பரத்து அக்கா மகனிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பாலைப் பற்றிச் சொல்லவில்லை. கனடாவில் இருக்கிற பெண் தாங்க மாட்டாள், மாரடைப்பு, நொடியில் போய்விட்டார் என்றே சொல்லிவிடுவோம் என்றார் அவர். தலையாட்டினேன். கனடாவிலிருந்து மகள் வந்து என் தோளில் விழுந்து அழுதாள். "எதிர்ல நீங்க இருக்கீங்கன்னுதான் அக்கா நான் தைரியமா இருந்தேன்" என்றாள். அவளுக்கு நான் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஃப்ளாட்டில் என்னால் இருக்க முடியவில்லை. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது, கரண்டை எடுத்தாகிவிட்டது, எனக்கு மட்டும் அந்தக் கடக் சத்தம் கேட்டது. ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஓடைப்பட்டிக்கே வந்தேன். இங்கே பால் தூக்கில்தான் வருகிறது, பாக்கெட் கிடையாது. என்ன பிரயோஜனம்? பட்டப்பகலில் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் நடுத்தட்டில் இரண்டு பாக்கெட் இருக்குமோ என்று கை ஒரு கணம் நிற்கிறது. ஆடி மாதக் காற்றில் கம்பிக் கேட் அடித்துக்கொள்ளும்போது, தரையில் கிடந்துகொண்டு யாரோ தட்டுகிறார்கள் என்று எழுந்து ஓடுகிறேன். அவர் தட்டியிருப்பாரா? நான் குனிந்து பையிலிருந்து பாலை எடுத்தபோது என் வளையல் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா? இதைத்தான் நான் தினமும் நினைக்கிறேன்.

எதிர்வீட்டு மதினி என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கேள்வி கேட்பதில் ஊருக்கே தலைவி. வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்தவள் விடிந்ததுகூடத் தெரியாமல் கிடந்துவிட்டேன். கதவு உடைகிற மாதிரி ஒரு இடி. திறந்தால் மதினி, அவளுக்குப் பின்னால் தெருவே நிற்கிறது.

"என்னத்தா, மணி ஏழாச்சு, இன்னும் வாச தெளிக்கக் காணமே. எல்லாரும் பதறிப் போயிட்டாக. இன்னும் செத்த நேரம் பாத்துட்டு ஓட்டப் பிரிச்சிருப்போம்" என்றாள்.

காய்ச்சல் என்றேன். என்ன காய்ச்சல், எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய், ஏன் சொல்லவில்லை என்று அங்கேயே அடுக்கினாள். எனக்கு எரிச்சல் வந்தது. கதவைச் சாத்திய பிறகு அழுகை வந்தது. வாசல் தெளிக்க ஒரு மணி நேரம் தாமதமானதற்கு ஒரு தெருவே வந்து நிற்கிறது. டீச்சர் மூன்று நாள் கிடந்தார். இந்த வருடம் டீச்சர் மகள் போனில் கூப்பிடும்போது பாலைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வருடா வருடம் டீச்சர் இறந்த தேதியில் அவள் எனக்குப் போன் செய்வாள். இந்த முறை அந்தத் தேதியும் பட்டிமன்றமும் ஒரே சாயங்காலம் வந்து சேர்ந்தன. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கோயிலிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் பட்டணத்தைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள், ஜனங்கள் கைதட்டினார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டு என்னவென்று விசாரித்தாள். சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடித்ததும் நான், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அம்மாவைப் பற்றி என்றேன். அவள் நானும் ஒன்று சொல்ல வேண்டும் அக்கா என்று முந்திக்கொண்டாள்.

"மாரடைப்புன்னு எல்லாரும் சொன்னதை நான் நம்பவே இல்லக்கா. எனக்காகச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. ஆனா வாட்ச்மேன் சொன்னார், புதன், வியாழன் ரெண்டு நாளும் அம்மா பாலை எடுத்திருக்காங்கன்னு. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது. எழுந்து நடமாடிக்கிட்டு இருந்திருக்காங்க, காபி போட்டுக் குடிச்சிருக்காங்க, கஷ்டப்படல. அதை நெனச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குறேன். நீங்களும் எதிர்லயே இருந்தீங்க, பாத்திருப்பீங்க. எடுத்தாங்கதானே?"

ஸ்பீக்கரில் நடுவர் ஏதோ சொல்லி ஊரே சிரித்தது.

"ஆமாத்தா" என்றேன். "எடுத்தாக. ரெண்டு நாளும் காலையிலேயே எடுத்துட்டாக."

நன்றி என்றாள். நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அம்மா கறிவேப்பிலை கொடுப்பார், அதைச் சொல்ல வந்தேன் என்றேன். போனை வைத்தேன். இனி இந்த ஜென்மத்தில் அவளிடம் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

எதிர்வாசலில் நின்று மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. போனில் யார் என்றாள். சென்னையில் எதிர்வீட்டில் இருந்த டீச்சர் மகள் என்றேன்.

"அந்த டீச்சரம்மா நல்லாருக்காகளா?"

மூன்று நாள் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இறந்துவிட்டார் என்றேன். மதினி தெருவைக் கடந்து வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி?" என்றாள்.

நான் பாலிலிருந்து ஆரம்பித்தேன்.