அலவாங்கின்மேல் அமர்ந்தவர்

பொறை என்னும் நற்குணம் புலம்பெயர்ந்தோர் வாழும் மல்வேர்னில் ஒரு வாடகை வீட்டின் முன்னே, அலவாங்கு என்னும் சிறிய இரும்பு நெம்புகோலைப் படியில் கிடத்தி, அதன்மேல் அமர்ந்து, வெறுந்தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் குலசிங்கம். வார நாள்களில் கதவு செய்யும் ஆலை. ஞாயிறுதோறும் ஊரார் கார்கள். அந்த அலவாங்கால் அவர் எதையும் நெம்பி எவரும் கண்டதில்லை. பொறுமை இழந்த கார்க்காரர் அதனைத் தூக்கிவிடாதிருக்கவே அதன்மேல் அமர்கிறார். எழ நேர்ந்தால் இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

இன்று அவர்முன் வாய் திறந்து நிற்பது யோசப்பின் கார். எண்பத்தைந்தில் பிறந்தது, வயது பதினொன்று. எஞ்சினின் உச்சியில் வீற்றிருந்து காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மனிபோல்டின் அடியில் தண்ணீர் கசிகிறது. அதைக் கழற்றி, கசிவு தடுக்கும் புதிய கஸ்கெட் இடவேண்டும். அதுவோ அசைய மறுக்கிறது. முன்னொரு முறை யோசப்பின் மச்சான், கசிவை அடைக்கக் கருதி, பசைக்குழாய் முழுவதையும் பிதுக்கியிருக்கிறார்.

"உது ரிப்பேர் இல்லைத் தம்பி. கேக்குக்கு ஐசிங் பூசின மாதிரிக் கிடக்கு."

யோசப்புக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை விடியலில் அஜக்ஸில் ஓர் ஆலையில் அவருக்கு முதல் நாள் வேலை. அந்நேரம் அப்பக்கம் பஸ் இல்லை. கார் உண்டு என்று சொல்லியே வேலை பெற்றார்.

"அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ. நான் நெம்பிப் பாக்கிறன்."

"நெம்பினால் அலுமினியம் வெடிக்கும். பிறகு நீ அஜக்ஸுக்கு நடந்துதான் போகவேணும். தேத்தண்ணியைக் குடி."

அவர் முறையே தனி. கழற்றிய போல்ட்டுகளை எஞ்சினில் இருந்த ஒழுங்கிலேயே ஓர் இடியப்பத் தட்டின் கண்களில் குத்தி நிறுத்துகிறார். தட்டு மனைவி கனகாம்பிகையுடையது.

"இனி என்ர புட்டுக்குழலும் எஞ்சினுக்குள்ளைதானோ?" என்று யன்னலில் குரல் எழுகிறது.

குலசிங்கம் தட்டை உற்று நோக்குகிறார். இடப்பக்க வரிசையில் ஒரு கண் வெறுமையாக உள்ளது. "ஒருத்தர் இன்னும் வீட்டாலை வெளிக்கிடேல்லை."

மச்சானின் பசைக்கடியில் ஒரு போல்ட் புதைந்திருக்கிறது. அதனைச் சுரண்டி எடுத்தபின், மரக்கட்டை வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிவர மெல்லத் தட்டுகிறார். கல்நெஞ்சும் பதிகம் கேட்டு நெகிழுமாறுபோல, மனிபோல்ட் பெருமூச்சொன்று விட்டு எழுகிறது.

"வா ராசா, வா."

மாலைக்குள் எல்லாம் துடைத்துப் பூட்டியாயிற்று. யோசப் எஞ்சினை முடுக்க ஆவலோடு திறப்பை நீட்ட, குலசிங்கம் அவர் கையைப் பிடிக்கிறார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணாதை. மூலையளுக்குப் பூசின பசை நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் காயவேணும். அவசரப்பட்டால் திரும்பவும் ஒழுகும்."

"நாளைக்கு வேலையெல்லோ, அண்ணை." யோசப்பின் குரல் இறங்கிவிடுகிறது.

குலசிங்கம் எண்ணெய்க் கையைத் துடைக்கிறார். சட்டைப்பையிலிருந்து தம் காரின் திறப்பை எடுத்து, யோசப்பின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்.

"அப்ப நாளைக்கு என்னை ஆர் வேலைக்கு இறக்கிறது?" என்று யன்னல் கேட்கிறது.

"பஸ்தான். நானும் வாறன். கதைச்சுக்கொண்டு போவம்."

"உங்கட கதை கேக்கவோ நான் பஸ் ஏறுறது?" என்ற கனகாம்பிகை யோசப்பின் பக்கம் திரும்புகிறார். "தம்பி, பெற்றோல் கிடக்கு. ஹீட்டர்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

இவ்விருவர் வாழும் மனையில் அடுப்பு அவியாதிருக்க, விளக்கு மங்காதிருக்க, நாளை ஏறும் பஸ்ஸில் இருவர்க்கும் அடுத்தடுத்து இருக்கை வாய்க்க, இறைவன் திருவருள் துணை நிற்பதாக.