ஒன்பதாம் கேள்விக்கு நாங்கள் எழுதிய பதில்

நயினாதீவில் காப்புறுதி என்றால் சனத்துக்கு இரண்டே கருத்துத்தான். ஒன்று, செத்த பிறகு வரும் காசு. மற்றது, எப்படியும் வராத காசு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு வெள்ளிக்கிழமை மதியப் படகில் அந்த முகவர் வந்து இறங்கும்வரை. என் கணவர் இங்கே ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் பூசகர். நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எதையும் கடைசி வரி வரை வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன். அதை நான் கவனம் என்பேன்; வீட்டில் பிடிவாதம் என்பார்கள்.

முகவர் கடும் நோய்க் காப்புறுதி பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"இது செத்தால் வாற காசில்லை, ஐயரம்மா. ஆஸ்பத்திரி பில்லுக்கு வாற காசுமில்லை. பட்டியலில இருக்கிற ஒரு பெரிய வருத்தம் வந்திட்டுதெண்டு டொக்டர் உறுதிப்படுத்தினால், மொத்தமாக் கையில தருவினம். அதை என்னத்துக்குச் செலவழிச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

கணவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில எல்லாம் காசில்லாமச் சும்மாதானே, தம்பி. எங்களுக்கு இது என்னத்துக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு மறு கேள்வி ஒன்று வந்தது. "வைத்தியம் சும்மா. நீங்கள் ஆறு மாதம் படுத்தால் பூசையை ஆர் செய்யிறது?"

பூசகருக்குச் சுகவீன லீவு கிடையாது. தான் போக முடியாவிட்டால் தன் செலவில் இன்னொருவரை அமர்த்த வேண்டும். பூசை தவறினால் கோயில் வேறு கைக்குப் போய்விடும். கோயிலோடு, நாங்கள் குடியிருக்கும் கோயில் வீடும் போகும். இவருக்கு அது தெரியாததல்ல. அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

முகவர் கொண்டுவந்த நிபந்தனைப் புத்தகத்தை நான் வாங்கி வாசித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பாவம். பட்டியலில் பெயர் இருந்தாலும் நோய் எந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தது. நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு ஆகாது. புற்றின் மிக ஆரம்ப நிலைக்குக் காசில்லை. காப்புறுதிப் பத்திரம் எடுத்து முதல் சில மாதங்களுக்குள் நோய் வந்தாலும் இல்லை. நோய் உறுதியான பிறகு குறித்த நாள்கள் உயிரோடு இருந்தால்தான் காசு. இதையெல்லாம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கிறேல்லை, ஐயரம்மா" என்றார். பொய் சொல்லாத மனிசன் என்று அப்போதுதான் அவரில் ஒரு பிடிப்பு வந்தது.

பிறகு படிவம். ஒன்பதாம் கேள்வி: பெற்றோர் உயிரோடு உள்ளனரா, இல்லையேல் இறந்த காரணம் என்ன?

"வயித்துப் புண்" என்றார் கணவர், யோசிக்காமலே. தகப்பன் இறந்தபோது இவருக்குப் பதினாறு வயது. வயிற்றுப் புண் என்றுதான் வீட்டிலும் சொன்னார்கள், ஊரிலும் சொன்னார்கள். நான் பேனையை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினேன். இவரின் தாய், என் மாமி, அங்கே மரக்கறி வெட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"மாமி, அதுதானோ?"

"அப்பிடியே எழுது, பிள்ளை. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேலயாச்சு."

"நான் கேட்டது அதையில்லை."

எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்குப் பெயர் சொல்வதில்லை. அந்த வருத்தம் என்பார்கள், கூடாத வருத்தம் என்பார்கள். பெயர் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு பயம். அதிலும் ஐயர் வீட்டில், வாயில் மந்திரம் வருகிற இடத்தில். மாமி வாசலுக்கு வந்து நின்றார். மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"குடலில புற்று."

இவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கேள்வியை மறுபடி வாசித்தார். ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் மாமி வெட்டுக்கத்தியைக் கீழே வைக்க மறந்து நிற்பதைக் கண்டதும் அது அடங்கிவிட்டது.

முகவர் தொண்டையைச் செருமினார். "அதை எழுதினால் மாதக் கட்டணம் கூடும். புண் எண்டே விடலாம். இப்ப ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"இப்ப பாக்க மாட்டினம், தம்பி. காசு கேக்கேக்கை பாப்பினம்" என்று சொல்லி, புற்றுநோய் என்று தெளிவாக எழுதினேன். கட்டணம் கூடத்தான் செய்தது. இரண்டு மாணவர்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வருடம் போனது. ஒருநாள் விடியப்பூசை முடித்து வந்தவர், தேத்தண்ணியைக் கையில் எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு கிழமையா ரத்தம் போகுது. மூலம் எண்டு விட்டிருப்பன். அப்பாவின்ர கதை தெரிஞ்சபடியால் சொல்லுறன்." அடுத்த படகிலேயே யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெருங்குடலின் அடியில் கட்டி. இன்னும் பரவவில்லை, ஆனால் பட்டியலில் சேர்கிற அளவு.

கோயில் தலைவர் நல்ல மனிதர். "சுகமா வாங்கோ, ஐயா. பூசை மட்டும் தவறாமல் பாருங்கோ" என்றார். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. அன்றிரவு இவர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் போய்விடுமோ என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

காசு கேட்டு எழுதியபோது கம்பனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று அயலில் விசாரித்திருக்கிறார். வயிற்றுப் புண் என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பழைய படிவத்தை விரித்தவர், ஒன்பதாம் கேள்வியில் விரலை வைத்து, தான் எடுத்துவந்த பழைய ஆஸ்பத்திரிப் பதிவோடு ஒத்துப்பார்த்தார். "ஊர் புண் எண்டுது. நீங்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். நான் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

வந்த காசு மருந்துக்குப் போகவில்லை. மருந்து சும்மாதான். கதிர்ச் சிகிச்சைக்குக் கிழமைக்கு ஐந்து நாள் போக வேண்டும்; தீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறித் தினமும் போய்வர அந்த உடம்புக்கு ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் அறை எடுத்தோம். மீதி, புளியங்கூடலில் இருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிய ஐயருக்குச் சம்பளமாகப் போனது. ஒன்பது மாதம், ஒரு நேரப் பூசை தவறவில்லை. இப்போது யாராவது இந்தக் காப்புறுதி தேவையா என்று கேட்டால், நோயை விட்டுவிட்டு இதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் படுத்தால் எது நின்றுபோகும்? ஒன்றும் நின்றுபோகாது என்றால் வேண்டாம், காசை வங்கியில் போடுங்கள் என்றும் சொல்கிறேன்.

இவர் திரும்பிப் பூசைக்கு நின்ற நாளில் கோயில் நிறையச் சனம். மெலிந்துபோன கை தீபத்தைத் தூக்கியபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை. பூசை முடிந்து வெளி மண்டபத்தில் ஒரு பெண் மாமியிடம் மெல்லக் கேட்டார், "ஐயாவுக்கு அந்த வருத்தமாமே?"

நான் முந்திக்கொண்டு பேச்சை மாற்றப் பார்த்தேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

"ஓம், புற்றுநோய். வெட்டி எடுத்தாச்சு. பேரைத் தெரிஞ்சிருந்தபடியால் நேரத்தோட போனவன்." எல்லோரும் கேட்கத்தான் சொன்னார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இவன்ர தேப்பனுக்கு நாங்கள் கடைசி வரைக்கும் சொல்லேல்லை. புண் மாறிவிடும் எண்டு நம்பிக்கொண்டுதான் அந்த மனிசன் போனது."