உத்தரத்தில் வைத்து அடைத்த பெயர்

சியோலில் புக்சோன் மேட்டுத் தெருவில் இருக்கிறது அந்த ஓட்டு வீடு. பழைய பிரபு ஒருவரின் தோட்டத்தைத் துண்டு போட்டு 1934இல் ஒரு காண்டிராக்டர் கட்டியது. நடுவில் முற்றம், மூன்று பக்கமும் அறைகள். முதலில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார், பிறகு ஒரு வாத்தியார். அவரிடமிருந்து வாங்கியவள் பொங் சூனிம். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். பத்திரம் சொல்லாது.

சூனிம் விதவை. கல்யாண உடைகள் தைத்துத் தைத்து விரல் காய்த்துப் போனவள். அந்தக் காலத்துக் கொரியப் பத்திரங்களில் இருக்கும் சீன எழுத்து அவளுக்குத் தெரியாது. பதிவு, வரி எல்லாவற்றுக்கும் கணவனின் தம்பி குவாக் தெக்சூதான் போவார். படித்த மனிதர், முத்து முத்தான கையெழுத்து.

1971இல் கூரை ஒழுகி உச்சி உத்தரம் உளுத்துவிட்டது. மாற்றிய தச்சன் நான். புது உத்தரம் ஏற்றும் நாளில் அதில் குழி வெட்டி, வீட்டுக்காரர் பெயரும் தச்சன் பெயரும் தேதியும் எழுதிய தாளை வைத்து, முளை அடித்து மூடுவோம். வீட்டுச் சாமி குடியிருப்பது அங்கேதான். மடித்துக் கொடுத்த தாளைத் தச்சன் பிரிக்கக் கூடாது.

"தம்பி, என் பேரப் பெருசா எழுதுங்க. சாமிக்குக் கண்ணு மங்கலா இருந்தா என்ன பண்றது?" என்றாள் சூனிம்.

"கவலைய விடுங்க அண்ணி, இருட்டுலயும் தெரியும்" என்று சிரித்தார் தெக்சூ. அவர் மடித்துக் கொடுத்தார், நான் முளை அடித்தேன்.

அதிலிருந்து முப்பது வருஷம், வருஷா வருஷம் பத்தாம் மாதத்தில் அரிசி மாவில் சிவப்புப் பயறு தூவிப் புட்டு அவித்து, உத்தரத்துக்கு நேர் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

தெக்சூ செத்த மறு வருஷம் அவர் மகன் வந்தான். வீட்டை விற்க வேண்டுமாம்.

"பெரியம்மா, பத்திரம் அப்பா பேர்ல இருக்கு. பாவம்னு உங்கள இருக்க விட்டாரு."

"பத்திரம் கெடக்கட்டும்டா. உத்தரத்தத் தொறந்து பாரு. என் பேர் இல்லேன்னா இன்னிக்கே போயிடறேன்."

"சொன்னது நீங்கதான். அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

பழைய வீடுகளின் வரலாறு எழுத வந்திருந்த நகராட்சிப் பெண்ணும் கூட நின்றாள். அறுபது வயதில் ஏணி ஏறி, நான் அடித்த முளையை நானே பிடுங்கினேன். அந்தப் பெண் தாளை உரக்கப் படித்தாள். தேதி. தச்சன் என்று என் பெயர். பிறகு, "வீட்டு எஜமானர், குவாக் தெக்சூ."

"இன்னொரு தரம் படிம்மா" என்றாள் சூனிம். படித்தாள்.

"கீழ, ஓரத்துல ஏதாச்சும்?"

"இல்லைங்கம்மா."

சூனிம் கொழுந்தன் மகன் பக்கம் திரும்பினாள். "அப்ப முப்பது வருஷமா யாரு பேருக்குடா நான் புட்டு அவிச்சேன்?"



சொன்ன சொல் மாறாமல், அன்று சாயங்காலமே தையல் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். சாமியின் வாய்க்குள்ளேயே பொய்யைத் திணித்த பாவி அவன். என் கையாலேயே அதற்கு முளையும் அடிக்க வைத்தான்.

வாசலில் இப்போது வரலாற்றுப் பலகை இருக்கிறது. மருந்துக்கடைக்காரர், வாத்தியார், "1971இல் கூரையைப் புதுப்பித்த" குவாக் தெக்சூ. கடைசி வரியில் என் பெயர். சூனிம் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று மூன்று தரம் போய்க் கேட்டுவிட்டேன்.

"எப்படி மேஸ்திரி எடுக்க முடியும்?" என்கிறாள் அந்தப் பெண். "உத்தரத்துலயே ஆதாரம் இருக்கே."