நாலு கறுப்புத் தொப்பிகள்

என் நாத்தனாரைப் பட்டறையில் எல்லாரும் ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பாள், அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்காத மாதிரி, "அண்ணி, காபி இருக்கா?" என்று வந்து நிற்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது நான்தான். என் வீட்டுக்காரர் தங்கை பக்கமும் பேச மாட்டார், என் பக்கமும் பேச மாட்டார். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார்.

நானும் வெடியும் வேலை பார்ப்பது தராசு செய்யும் பட்டறையில். நான் பில் போடுகிறேன், அவள் போர்டுகளில் ஈயம் உருக்கி சால்டரிங் வைக்கிறாள். மாலை வகுப்பில் டிப்ளமா முடித்து, புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டுவிட்டாள். இருந்தாலும் முதலாளிக்கு அவள் ‘சால்டரிங் பொண்ணு’தான். ஜன்னலை ஒட்டி டிசைன் மேஜை ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. வெடிக்கு அதன் மேல் ஒரு கண்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கரிகளுக்குச் சாமான் விற்கும் அம்மா ஒருவர், ஒரு கிராம்கூடத் தப்பாமல் காட்டும் தராசு வேண்டும் என்று கேட்டார். அதற்காக முதலாளி ஒரு சோதனை போர்டு வாங்கினார். தட்டில் எடை வைத்தால் வரும் துளி மின்சாரத்தை எண்ணாக மாற்றித் தரும் சிப் அதில் இருக்கிறது. பக்கத்திலேயே, போர்டு செய்த கம்பெனிக்காரன் வைத்த கன்ட்ரோலர், அதாவது சிப்பை வேலை வாங்கும் குட்டி மூளை. அது கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். திரையில் அழகாகக் கோடு கோடாகப் படம் வரையும். எங்களுக்குப் படம் வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லாமல், எங்களுடைய சின்னக் கன்ட்ரோலர் அந்தச் சிப்பைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வர்றாங்க. அதுக்குள்ள நீ முடிச்சுட்டா மேஜை உனக்கு. இல்லன்னா வெளியில ஒரு இன்ஜினியர்கிட்ட பேசி வச்சிருக்கேன், அவரை வரச் சொல்லிடுவேன்" என்றார் முதலாளி.

வெடி முதல் வேலையாக, போர்டில் மிளகு பருமனுக்கு இருந்த நாலு கறுப்புத் தொப்பிகளைப் பிடுங்கி ஒரு பாட்டில் மூடியில் போட்டாள்.

"இது எதுக்குடி?" என்றேன்.

"இது மாட்டியிருந்தா அவங்க கன்ட்ரோலரும் சிப்பும் பேசிக்குவாங்க அண்ணி. கழட்டிட்டா அவன் வாய் அடைஞ்சுடும். அப்புறம் நம்ம ஆளு பேசலாம்."

எங்கள் கன்ட்ரோலரிலிருந்து வரும் பட்டை வயரைப் பக்கத்து முள்வரிசையில் செருகினாள்; தொப்பிகள் இருந்த இடத்தை அது மூடிக்கொண்டது. தட்டில் நூறு கிராம் கல்லை வைத்தாள். சின்னத் திரையில் நூறு வந்தது. அவள் போட்ட கூச்சலில் நான் ஒரு பில்லையே தப்பாக அடித்தேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே கல் முப்பத்தேழு காட்டுகிறது. அப்புறம் ஒன்பதாயிரம். அப்புறம் பூஜ்யத்துக்கும் கீழே.

அதோடு பிடித்தது சனி. வயரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், புரோகிராமைத் திருப்பி எழுதினாள், கன்ட்ரோலரையே வேறு போட்டாள். எண்கள் ஆட்டம் போட்டுக்கொண்டே இருந்தன. வீட்டில் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றுகூட அவள் சண்டைக்கு வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போர்டை அதன் பெட்டிக்குள் வைக்கக் கிளம்பினாள்.

"என்னால ஆகல அண்ணி. அந்த இன்ஜினியரே வந்து பாத்துக்கட்டும். எல்லாத்தையும் பழையபடி மாட்டிக் குடுத்துடறேன்" என்றவள், பாட்டில் மூடியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இதுல இருந்த நாலு தொப்பி எங்க? பெருக்கித் தள்ளிட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஏன்டி உன் மேஜையைத் தொடறேன்? நம்ம முதலாளி சார்தான் எடுத்து மாட்டினாரு!"

"எப்ப?"

"முதல் நாளே. நீ டீக்குப் போனதும் வந்து உக்காந்தாரு. உன் பட்டை வயரைக் கழட்டிட்டு, தொப்பியை மாட்டிட்டு, கம்ப்யூட்டர்ல படம் பாத்தாரு. தினமும் நடக்குதே. போகும்போது வயரை மட்டும் பத்திரமா செருகிட்டுத்தான் போறாரு."

வெடி பட்டை வயரைப் பிடுங்கினாள். அதற்கடியில் நாலு தொப்பிகளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. தன் கையால் கழற்றியதை மறுபடி மாட்டியிருப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? இத்தனை நாளும் இரண்டு கன்ட்ரோலரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டிருக்கின்றன. சிப் என்ன செய்யும், வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறது. வாசலில் முதலாளியின் குரலும் பேக்கரி அம்மாவின் குரலும் கேட்டன. இவள் இப்போது எல்லார் முன்னாலும் வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவளோ மளமளவென்று தொப்பிகளைக் கழற்றி மூடியில் போட்டாள், வயரைச் செருகினாள், கல்லை வைத்தாள். நூறு. பேக்கரி அம்மா கைப்பையிலிருந்து ஒரு பேனா மூடியை எடுத்துக் கல்லோடு வைத்தார். நூற்று மூன்று. எடுத்தார். நூறு.

முதலாளியின் கை பழக்கத்தில் பாட்டில் மூடிப் பக்கம் போனது. வெடி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேண்டாம் சார். இதை மாட்டினா ரெண்டு கன்ட்ரோலரும் சேர்ந்து பேசும். எண்ணு எகிறிடும். இவ்வளவு நாளா அதான் நடந்துச்சு."

முதலாளி மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"முதல்ல இருந்தே இப்படிச் சரியா வந்துச்சா?" என்றார் பேக்கரி அம்மா.

"இல்லம்மா" என்றார் முதலாளி. "நடுவுல கெட்டுப்போச்சு. கெடுத்தது நான்தான். படம் பாக்கற ஆசை."

அந்த அம்மா சிரித்துவிட்டு முன்பணத்துக்குக் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். முதலாளி மேஜையிலிருந்த போனை எடுத்து அங்கேயே பேசினார். "தம்பி, நீங்க வர வேண்டியதில்லை. எங்க இன்ஜினியரே முடிச்சுட்டாங்க."

வெடி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"சார், கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. அண்ணிக்குச் சரியா கேக்கலையாம்."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"ஆமா சார்," என்றேன், "கேக்கவே இல்ல."