மீசை போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊருக்குப் பெயர் கிடையாது. அபுதாபிக்கு மேற்கே, சவூதி எல்லைக்குப் போகும் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் கொஞ்ச தூரம் வெறும் மணல். அப்புறம் தண்டவாளம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கேம்ப், எதிரே ஒரு மளிகைக்கடை, அதை ஒட்டி டீக்கடை, அதற்கு அடுத்து ஒரு சலூன். கடைகள் மூன்றுமே தகரப் பெட்டி அறைகள்தான். டாக்சிக்காரரிடம் ரயில் கேம்ப் என்று சொன்னால், அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார். இருக்கிறோம். நான் அங்கே தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்குக்கு சார்ஜ்ஹேண்ட். அதாவது, மற்றவர்களைப் போலவே மணல் அள்ள வேண்டும், கூடவே திட்டும் வாங்க வேண்டும்.

எங்கள் ரயிலில் ஆட்கள் ஏறுவதில்லை. கந்தகமும் ஜல்லியும்தான் பயணிகள். மைல் நீளத்துக்கு வரும் அந்த கூட்ஸ் கடக்கும்போது தகர அறைகள் எல்லாம் கடகடவென்று ஆடும். ஆனால் வருகிற நேரம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் வந்தால் டீக்கடையில் கிளாசைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கேரம் ஆடுபவர்கள் காய்களின் மேல் துண்டைப் போட்டு அமுக்குவார்கள். சலூன்காரர் கத்தியை எடுத்து மேலே பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடரும். புதிதாக வந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். ஒரு வாரத்தில் அவர்களும் கிளாசைத் தூக்கப் பழகிவிடுவார்கள்.

ரயில் ஓடும் இடம் என்றால் விபத்தெல்லாம் பெரிதாக இருக்கும் என்று வெளியே நினைக்கிறார்கள். எங்கள் விபத்துகளைப் பேப்பர்காரர்கள் சீண்ட மாட்டார்கள். ஒருமுறை ரொட்டி வேன் ரிவர்ஸ் எடுத்துத் தண்ணீர் லாரியில் இடித்தது. அன்று கேம்ப் முழுக்க ஊறிப்போன குபூஸ் ரொட்டிதான் சாப்பாடு. வேலியில் ஓட்டை கண்டுபிடித்த ஒட்டகம் ஒன்று தண்டவாளத்தின் நடுவே படுத்துக்கொண்டது. கூட்ஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்தே போனார், அது அசைபோட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் மெஸ் சமையல்காரர் ஒரு கட்டுப் புதினாவைக் காட்டி அழைத்துக்கொண்டு போனார். பார்த்து நடக்கவும் என்று எழுதிய பலகையில் தடுக்கி விழுந்தவர் பாதுகாப்பு அதிகாரி. அந்த விபத்துக்கு அவரே ரிப்போர்ட் எழுத வேண்டி வந்தது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இதற்கு நடுவில் நிஜமான அடிகளும் படும். ஜல்லி தெறித்து நெற்றி கிழியும். கடப்பாரை நழுவும். கோடையில் தண்டவாளத்தை வெறுங்கையால் தொட்டவனுக்கு உள்ளங்கைத் தோல் மிஞ்சாது. ஆனால் எந்த அடியும் கேம்ப் கேட்டைத் தாண்டி ஊருக்குப் போகாது. ஒரு கையில் கட்டுப் போட்டிருப்பவர் மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கேன், சாப்ட்டேன், நீங்க சாப்ட்டீங்களா என்பார். வீடியோவில் கட்டுத் தெரியாமல் பேசுகிற கோணம் எங்கள் எல்லோருக்கும் அத்துபடி. சொன்னால் அவர்கள் அங்கே தூங்காமல் கிடப்பார்கள், அதனால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்பது எங்கள் நியாயம். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பதைத் தாண்டியிருந்தேன். முதலில் வந்த இடத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளையே வேண்டாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேண்டும், ஆனால் ஏசி ஆபீசில் இருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவதாகக் காரைக்குடிப் பக்கம் ஒரு இடம் வந்தது. பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் எடுத்த குரூப் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரும் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் பந்தலில் கட்டிய வாழையைத் தின்னும் ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஆசை இவ்வளவு பட்டென்று வரும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது.

அவர்களுக்கும் என் போட்டோ போயிருந்தது. என் மீசையைப் பற்றி நானே சொல்வது அழகில்லை. ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் சொல்கிறேன். அடர்த்தி, கருப்பு, இரண்டு பக்கமும் லேசாக மேலேறிய ஒரு வளைவு. அந்தப் போட்டோவில் மீசைக்குப் பின்னால் நானும் இருந்தேன். பெண்ணின் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, ஆள் கம்பீரமா இருக்கார் என்றாராம். பெண் மட்டும் பிடிகொடுக்கவில்லையாம். ஒரு தடவை வீடியோவில் முகம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வேன் என்றுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவதாக அம்மா சொன்னார். கூடவே, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இரு, உனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும் என்று ஒரு புத்திமதியும் வந்தது. எனக்கு எங்கே கோபம் வருகிறது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

ஞாயிறு எங்களுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மீசையைச் செதுக்கிக்கொள்ளப் போனேன். சலூன்காரர் பாகிஸ்தானில் முல்தான் பக்கத்து ஆள், நிதானத்துக்குப் பேர்போனவர். கன்னத்தை முடித்து, மிஷினை மீசையின் இடது ஓரத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு ரயிலே கிடையாது. அதனால் அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், நான் மூடியிருந்தேன். அப்போதுதான் தனி இஞ்சின் ஒன்று மணல் வாரும் வண்டியை இழுத்துக்கொண்டு, சலூனை ஒட்டி நீளமாக ஹாரன் அடித்தது. அறை ஆடியது. அவர் கை ஆடியது. இடது பக்கம் முழுசாகச் சில்லென்று ஆனது.

கண்ணாடியில் பார்த்தேன். பாதி மீசையோடு ஒரு ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலூன்காரர் என் தோளில் கையை வைத்து, "டர்னா மத் பாய், ஃபிர் ஆ ஜாயேகா" என்றார். பயப்படாதே, திரும்ப வந்துவிடும் என்று அர்த்தம். எப்போது வரும், சாயங்காலத்துக்குள் வருமா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு மீதியையும் எடுத்துவிட்டார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தண்டவாளத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது, உடனே வண்டியை அனுப்புங்கள் என்று முதல் நாள் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்ததே நான்தான். எத்தனையோ தடவை சண்டை போட்டும் வராத வண்டி, அன்றைக்குப் பார்த்து வந்தது.

கேம்ப் கேட்டில் முகத்தைக் காட்டினால் திறக்கிற மிஷின் உண்டு. காட்டினேன். அது என்னை யாரென்றே தெரியாது என்றது. கிட்டப் போனேன், தள்ளி நின்றேன், அம்மா சொன்னபடி சிரித்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பெண் குரல் மரியாதையாக மறுத்தது. நேபாளத்து செக்யூரிட்டி என் கார்டை வாங்கிப் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்கள் அண்ணனா என்று கேட்டார். எப்படியோ கெஞ்சி உள்ளே போய் ரூமில் கண்ணாடியைப் பார்த்தால், அங்கே என் அத்தை நின்றுகொண்டிருந்தார். அதே உதடு, அதே சிடுசிடுப்பு. மீசை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துப்போய், யாரோ பிளாஸ்திரி ஒட்டியது போல் இருந்தது.

ரூமில் என்னோடு இருப்பவர் மட்டக்களப்புக்காரர். விஷயத்தைக் கேட்டு முதலில் அரை மணி நேரம் சிரித்தார். பிறகு போய் மளிகைக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழக்கரைக்காரரான அவர் எங்கள் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். காக்கா என் முகத்தை மீன் வாங்குகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய்க் கருப்பு ஹேர் டை பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். போனில் யாருக்கு என்ன தெரியப்போகிறது, வரைந்துவிடலாம் என்பது அவர் யோசனை. நானும் முகத்தைக் கொடுத்தேன். அறிவு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். கல்யாணம் கைவிட்டுப் போகிற பயத்தில் இருப்பவனுக்கு ஹேர் டையும் மருந்துதான். அவர் வலது பக்கம் வரைந்து முடிக்கும்போதே இடது பக்கம் எரிய ஆரம்பித்தது. கழுவிப் பார்த்தால் மேலுதடு சிவந்து வீங்கி, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அத்தையும் போய்விட்டார். இப்போது கண்ணாடியில் இருந்தவரை எங்கள் சொந்தத்தில் யாருக்கும் தெரியாது.

கடைசியில் மட்டக்களப்புக்காரர்தான் வழி சொன்னார். "மச்சான், மணல் காத்து எண்டு சொல்லு. மாஸ்க்கப் போடு. ஆரு கேக்கப் போறாங்க?" அதுதான் நல்லது என்று முடிவானது.

இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது. அதற்கென்று வேறு ஆப் இருக்கிறது. படம் நின்று நின்று வரும். எனக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது. கட்டிலில் உட்கார்ந்தேன். காக்காவும் மட்டக்களப்புக்காரரும் கேமராவில் விழாமல் எதிரே உட்கார்ந்தார்கள். கால் வந்தது. பெண்ணின் அம்மா, சித்தப்பா, இன்னும் யார் யாரோ வரிசையாக முகத்தை நீட்டினார்கள். மணல் காத்து என்றேன். ரூமுக்குள்ளயா என்று சித்தப்பா கேட்டார். ஜன்னல் சரியாக மூடவில்லை என்றேன். மட்டக்களப்புக்காரர் கையை விசிறிக் காற்று மாதிரி சத்தம் கொடுத்தார். அது எந்த நாட்டுக் காற்றோ தெரியாது. தம்பிக்கு உடம்புக்கு முடியலையா என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு நிஜமாகவே உடம்புக்கு முடியாமல் போயிற்று.

பிறகு போன் கை மாறியது. அவள் அதை எடுத்துக்கொண்டு எங்கேயோ வெளியே நடந்து போனாள். மற்றவர்களின் சத்தம் குறைந்தது. போட்டோவில் சிரித்தவளுடைய முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மாஸ்க்க கழட்டுங்க."

காக்கா எதிரே இருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இஞ்சின், சலூன், ஹேர் டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவாள், அவ்வளவுதான் கதை என்று நினைத்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "மூஞ்சில அடிகிடி பட்டுருச்சாக்கும்னு நெனச்சேன்."

அப்புறம் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் சவூதியில், ஜுபைலில் ஒரு பிளாண்டில் இருந்தவர். போனில் எப்போதும் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த அன்று, திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் இவர்கள் பார்த்தார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்களாம். எப்ப ஆச்சு என்று கேட்டதற்கு, அது ஆச்சு ரொம்ப நாளு என்று சொல்லிவிட்டு டாக்சி எங்கே என்று தேடினாராம்.

"அத்தன நாளும் தெனம் பேசிருக்காரு. நானும் பேசிருக்கேன், அவருக்கு அந்த விரலு இல்லைங்கறது தெரியாமயே. மீசை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்கு மறைக்கிற ஆளு வேணாம்."

எதிரே காக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூமில் காற்றுச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"கையக் காட்டுங்க," என்றாள். காட்டினேன். "ரெண்டையும்." போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்க நீட்டுவது போல இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பச் சொன்னாள். திருப்பினேன்.

"காலு?"

கால் நல்லாத்தான் இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம். போனை எடுத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். இடது பெருவிரலில் நகம் இல்லை. சுற்றிலும் இன்னும் கருப்பாக இருந்தது.

"இது எப்ப?"

"போன மாசம். ஸ்லீப்பர் கட்டை நழுவிருச்சு."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது."

படம் மறுபடி நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. இனிமே எனக்குத் தெரியும்ல," என்றாள். "அதுக்கு என்ன மருந்து போடுறீங்க, சொல்லுங்க."

மருந்தின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. டியூபைத் தேடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் புரிவதற்குள், காக்கா வாசலுக்குப் போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார்.